ஓர் இருக்கைக்கு நான்கு டயர்கள்

மேல் போயெனி,
அக்டோபர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ "வேற என்னடி?" என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அப்பா பக்கத்தில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். வியோரிகா போனைப் பிடித்து இழுத்தாள். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. செவெர் மாமா வெள்ளிக்கிழமை இத்தாலிக்கு வேன் எடுக்கிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். உதினேயில் அவர் வண்டி நிற்கும் இடத்தில் வாங்கிக்கொள்.

வியோரிகாவுக்கு இருமல் விட்டது. நான்கு வயதாகிவிட்டதால் இப்போது எல்லாவற்றையும் கேட்கிறாள். நேற்று, "அம்மா எவ்ளோ உசரம்?" என்றாள். நீ அங்கே வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டதே, அவளுக்கு எப்படித் தெரியும்? சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இவ்வளவு" என்றேன். தினமும் போய் அதைத் தொட முயன்று பார்க்கிறாள்.

இனி முக்கியமான விஷயம். நம் நிவா ஜீப்பின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. டயரின் வரிப்பள்ளத்தில் ஐம்பது பானி நாணயம் ஒன்றை நிறுத்திப் பார்த்தேன், நிற்காமல் சாய்ந்துவிட்டது. போன சனிக்கிழமை அப்பாவோடும் வியோரிகாவோடும் பெயுஷ் நகரில் கோர்னெல் மாமாவின் டயர் கடைக்குப் போனேன். மலையில் மரம் இழுக்கிறவர்கள் போடுவார்களே, பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகளோடு, அந்தச் சேற்று டயர்தான் வேண்டும் என்கிறார் அப்பா. கோர்னெல் மாமா, "ஆம்பளைங்க போடுற டயருண்ணே இது!" என்று ஏற்றிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி நூலகத்தில் வண்டிப் பராமரிப்பு பற்றிய தடித்த புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். அந்தக் கட்டைகளில் ஐஸைப் பிடிக்கிற மெல்லிய கீறல்கள் கிடையாது, வழுக்கும். நமக்குப் பாதி வழி தார், பாதி வழி மண். அதனால் எல்லாத் தரைக்கும் பொருந்துகிற டயர்தான் சரி என்று சொன்னேன். கோர்னெல் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "தோவாதெர் அண்ணே, மொதல்ல உங்க வீட்டு இன்ஜினியரம்மா கிட்ட அனுமதி வாங்கிட்டு வாங்க!" அப்பா ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார். வழியில், "கடைக்காரன் முன்னாடி என்னை எதுத்துப் பேசுவியா நீ?" என்று மட்டும் கேட்டார். அப்படிப் பேசியது எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் சொன்னது சரி.

அம்மா, இன்னொன்று. அப்பா இதை உன்னிடம் சொல்லமாட்டார். திரும்பி வரும்போது மழை. மரச்சிலுவை நிற்கும் வளைவில் வண்டி வழுக்கிவிட்டது. பின்சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேலே தொங்கியது. என் சன்னலில் பாதைக்குப் பதிலாக ஆறு தெரிந்தது. வியோரிகா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா மெல்ல மெல்ல வண்டியை மீட்டார். இந்த வண்டியில்தான் நாங்கள் தினமும் பள்ளிக்கும் பால் கொண்டுபோகவும் இறங்குகிறோம். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது பெரிய ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உன்னை ஏற்றி வரப்போவதும் இதுதான்.

அதனால் நீயே அங்கே பழைய டயர் கிடங்கில் பார்த்து வாங்கி, செவெர் மாமா வேனில் அனுப்பிவிடேன். நம் ஊரில் பாதி வீட்டுக் கதவும் குளிர்பெட்டியும் அப்படி வந்தவைதானே. நீ எடுத்தால் அப்பா மறுக்கமாட்டார். பக்கவாட்டில் 185/75 R16 என்று இருக்க வேண்டும். 185 என்பது அகலம், 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது, 16 உள்வளையம். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை அவசியம். கடைசி நான்கு எண்கள், எந்த ஆண்டு எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று காட்டும். மூன்று வருடத்துக்கு மேற்பட்டது வேண்டாம்.

நீ பார்த்துக்கொள்கிற இடா அம்மாளின் கால்வலி எப்படி இருக்கிறது? நீ மாத்திரை போட மறக்காதே.

உன் அன்பு மகள்,
ஒலிம்பியா


மேல் போயெனி,
நவம்பர் 11

அன்புள்ள அம்மா,

உன் கடிதமும் காபித்தூளும் வந்தன. உனக்கு ஓய்வு இருப்பதே வியாழக்கிழமை மதியம் ஒன்றுதான். அதையும் மழையில் கிடங்கில் நின்று செலவழித்திருக்கிறாய். படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நீ கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். அந்த நான்கை எடுக்காதே.

இரண்டு ஒரு வடிவம், இரண்டு வேறு வடிவம் என்று எழுதியிருக்கிறாய். வேறு வண்டி என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மாட்டிக்கொள்ளலாம். நம் ஜீப்பில் நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே இழுக்கின்றன. டயர்களுக்குள் உயர வித்தியாசம் இருந்தால் பல்சக்கரப் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதோடு பனிப்பூ முத்திரை இரண்டில்தான் இருக்கிறது. டயர் பற்றி நீ எழுதிய இடத்தை அப்பாவிடம் காட்டினேன். "கறுப்பா இருக்கு, உருண்டையா இருக்கு, அப்புறம் என்ன? வரச் சொல்லு" என்றார். நான் கேட்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம் அம்மா. சரியானது கிடைக்கும்வரை பார்.

உன் இருக்கையைச் செவெர் மாமா எழுதி வைத்துக்கொண்டாராம். டிசம்பர் 22 வந்து சேரும் வண்டி, நடுவரிசை, சன்னல் ஓரம். வியோரிகாவுக்கு அதை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "நடுவரிசை, சன்னலோரம்!" என்கிறாள்.

அவளும் நானும் உன் வரவுக்காக,
ஒலிம்பியா


மேல் போயெனி,
டிசம்பர் 23

அம்மா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்த அளவுக்கு மட்டும் எழுதப்போகிறேன்.

நேற்று மதியம் நாங்கள் மூவரும் பழைய டயரில் சங்கிலி கட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்கினோம். அப்பா முகம் மழித்து, கல்யாணச் சட்டை போட்டிருந்தார். நீ வந்த பிறகுதான் என்று, ஊரே கிறிஸ்துமஸ் பன்றி அறுக்கும் இருபதாம் தேதிகூட நம் பன்றியை அறுக்காமல் வைத்திருந்தார். ஊர் முழுக்க அன்று பன்றி வாட்டும் புகை எழும்பியது, நம் முற்றத்தில் மட்டும் இல்லை. "என்ன தோவாதெர் அண்ணே, பன்னிக்கு மன்னிப்பு குடுத்துட்டியாமே?" என்று வேலிக்கு வேலி கிண்டல். "அவ வந்து சாப்பிடட்டும்டா" என்றார். அவர் வெட்கப்பட்டு நான் அப்போதுதான் பார்த்தேன்.

வேன் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். வியோரிகா நடுவரிசைச் சன்னலுக்குக் கீழே போய் நின்று குதித்தாள். எங்களுக்கு விஷயம் தெரியாது என்பது செவெர் மாமாவுக்குத் தெரியாது. பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, "பாப்பா, உங்கம்மா சீட்டுல நாலு பேரு ஒக்காந்து வந்திருக்காங்க பாரு!" என்றார். அந்த இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் இருந்தது. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட சொல்லலியாண்ணே?" என்றார். "கெளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி போன் பண்ணிச்சு. டயர் இப்பத்தான் கெடைச்சுதாம். வண்டியில எடமே இல்லம்மா, பண்டிகை கழிச்சு எடுத்துட்டு வரேன்னேன். கேக்கல. என் சீட்ட டயருக்குக் குடுத்துடுங்குது. ஏம்மா, ரெண்டு வருசம் கழிச்சு வர்றேன்னு இருக்கியே, பைத்தியமான்னு கேட்டேன். அதுக்கு அது, 'பின்சக்கரம் பள்ளத்துக்கு மேல தொங்குச்சுன்னு எம்பொண்ணு எழுதியிருக்கா. பனி கொட்டறதுக்குள்ள டயர் போய்ச் சேரணும், நான் அப்புறம் போய்க்கிறேன்'னுச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "எந்தச் சக்கரம் தொங்குச்சு?" என்றார்.

அம்மா, எதுவும் தொங்கவில்லை. வண்டி ஒரு முழம் அளவுக்கு வழுக்கியது, அவ்வளவுதான். அப்பா பிரேக்கில் காலை வைத்ததும் நின்றுவிட்டது. ஆறு எப்போதும் தெரியும் அந்தச் சன்னலில். வியோரிகா தூங்கக்கூட இல்லை, பாடிக்கொண்டிருந்தாள். கோர்னெல் மாமா என்னைப் பார்த்துச் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. அப்பா சொன்னது தோற்று, நான் சொன்னது ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. வெறுமனே "வழுக்கியது" என்று எழுதிப் படித்தபோது அந்த வரி சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டேன். எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். நீ அதை எந்த அறையில், எந்த நேரத்தில் படிப்பாய் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

இதுவும் போதாதென்று நவம்பரில் வந்திருக்க வேண்டிய டயர்களை வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். அப்பா சொன்னபடி அவற்றை வரவிட்டிருந்தால் அந்த இருக்கை காலியாக இருந்திருக்கும்.

அப்பா என்னைத் திட்டவில்லை. டயர்களை ஒவ்வொன்றாக இறக்கி ஜீப்பில் வைத்தார். இடம் வீணாகாமல் நீ டயர்களுக்குள்ளேயே துணியும் இனிப்பும் திணித்து அனுப்பியிருந்தாய் அல்லவா? வியோரிகா ஒரு டயருக்குள் கைவிட்டு உன் பழைய நீலச் சால்வையை இழுத்தாள். அதை மோந்து பார்த்தாள். பிறகு தலையை உள்ளே நுழைத்து, "அம்மா, ஒளிஞ்சது போதும், வா" என்றாள். செவெர் மாமா வேனுக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்.

மரச்சிலுவை வளைவில் அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கி, சக்கரத் தடத்திலிருந்து விளிம்புவரை காலடியால் அளந்தார். பனியில் அவருடைய கல்யாண ஷூ நனைந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "நாலு அடி" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

சால்வைக்குள் நீ எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது. வரவில்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அப்பா டயரே வேண்டாம் என்றிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். நான் கொடுத்த பட்டியலில் எதையும் விடவில்லை, சரிபார்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறாய். சரிபார்த்தேன். விளக்குக்கு அடியில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். நான்கும் ஒரே வடிவம், நான்கிலும் பனிப்பூ, நான்கும் ஒரே வாரத்தில் செய்தவை. காசு பள்ளத்தில் பாதிக்கு மேல் மறைகிறது. எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா, பாதிக் குற்றத்தையாவது உன்மேல் போட முடியாதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

இன்று காலை கோர்னெல் மாமா மாட்டிக்கொடுத்தார். விரலால் கீறல்களைத் தடவிவிட்டு, "யாருண்ணே எடுத்தது? நான்கூட இவ்ளோ பாத்து எடுக்கமாட்டேன்" என்றார். "என் சம்சாரம்" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. திரும்பும்போது சங்கிலி இல்லாமலே ஏறினோம். வளைவில் ஒரு விரல்கூட நகரவில்லை. நான் எதிலும் கூட்டிச் சொல்லவில்லை அம்மா, உண்மையாகவே நன்றாகப் பிடிக்கின்றன. மேலே வந்ததும் அப்பா வண்டியைத் திருப்பி மறுபடியும் பெரிய ரோடு வரை இறங்கினார். அங்கே கொஞ்ச நேரம் என்ஜினை நிறுத்தாமல் நின்றார். பிறகு திரும்பி வந்தோம்.

பன்றி இன்னும் தொழுவத்தில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், "எடை ஏறட்டும்" என்கிறார்.

இனிமேல் நான் உனக்கு எழுதும் கடிதத்தை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டப்போகிறேன். இதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கடைசியில எப்ப வர்றேன்னு கேளு" என்றார். உன்னிடம் அவராக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எப்போது வருகிறாய்? பிப்ரவரியில் வேனில் கூட்டம் இருக்காது என்கிறார் செவெர் மாமா. இடா அம்மாளிடம் கேட்டுப் பார். எங்களுக்கு ஒன்றும் அனுப்பாதே. கதவு நிலையில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. வியோரிகா அதைக் காட்டி, "எங்கம்மா இவ்ளோ உசரம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். எனக்குத்தான் நேற்றிலிருந்து சந்தேகம். அதையும் நான் கூட்டிப் போட்டிருப்பேனோ என்னவோ. நீ வந்து நின்றால்தான் தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
ஒலிம்பியா