சும்மாவுக்கு, அன்புடன்

அம்பிட்டிய
03.06.1998

அன்புள்ள கைரியாவுக்கு, ஸலாம்.

விண்வெளி, கடலடி, வேற்றுக் கிரகம் மூன்றையும் அம்பிட்டியவிலிருந்து அரசாளும் உன் புருஷன் எழுதுவது. அரசருக்கு முழங்கால் வலி. அரண்மனைக் கூரை ஒழுகுகிறது. கறையான் பெரும்படையோடு வந்து இரண்டு கிரகங்களைத் தின்றுவிட்டது. எழுத்தாளர்களே ஒப்பமிட்ட என் விஞ்ஞானக் கதை முதற்பதிப்புகளை இனிக் காக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் வாங்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஒன்றைத் திறந்து, "யார் இந்த சும்மா?" என்று கேட்டார்.

உனக்கு நினைவிருக்கும். கலியாணம் முடித்த வருஷம். கொழும்புப் புத்தகக் கடையில் வரிசை இலங்கையை இரண்டு தடவை சுற்றி நின்றது. அந்த வெள்ளைக்கார எழுத்தாளர் இங்கிலீஷில் உன் பெயரைக் கேட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கிறாராக்கும் என்று நீ "சும்மா" என்றாய். மனுஷன் "சும்மாவுக்கு, அன்புடன்" என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டார்.

அது உன் புத்தகம். விற்கட்டுமா?

றிஸ்வி

தெல்தோட்டை
11.06.1998

நம் மகள் மஸீனாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

என் அலுமாரியிலும் புத்தகத்தை அடுக்கி, சாரிகளைப் பெட்டியில் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் நான் கூடப்பிறந்த நானா வீட்டுக்கு வந்தேன். ஆறு வருஷத்தில் இப்போதுதான் என்னிடம் ஒன்று கேட்கிறீர்கள். விற்றுவிடுங்கள். எனக்கும் எல்லாம் அலுத்துவிட்டது.

எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிப் பூசவும்.

கைரியா

அம்பிட்டிய
24.06.1998

அன்புள்ள கைரியாவுக்கு,

எண்ணெய் பூசியதும் ஒரே பாய்ச்சலில் ஹந்தானை மலையைத் தாண்டினேன். சரி, கிணற்றடி வரைக்கும் போனேன்.

புத்தகங்கள் லொறியில் போய்விட்டன. ஒரு தடவை தும்மினால் வீடு மூன்று தடவை தும்முகிறது. உன் அலுமாரியைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். கீழ்த்தட்டில் ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. நீ விற்கச் சொன்னாய். கை வரவில்லை.

பெரிய பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது. வா என்று சொல்ல முகமும் இல்லை.

றிஸ்வி

தெல்தோட்டை
30.06.1998

மஸீனாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அரசி திரும்புகிறாள் என்று ஊரைக் கூட்ட வேண்டாம். அலுமாரி நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு சாரி எடுத்து வருகிறேன்.

"இப்ப ஏன் அங்க போறாய்?" என்று நானா கேட்டார். அந்த வெள்ளைக்காரருக்குச் சொன்னதைத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
சும்மா