குளித்துவிட்டு என்றுதான் எழுதினேன்

பிப்ரவரி 20

புத்தகம் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

தம்பி ஓட்டிய தொழிற்சாலை வேன் மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வருகிற மார்ச் 17 வந்தால் மூன்று வருடம். ஆறு தொழிலாளர்கள், அவன், ஏழு பேரும் போனார்கள். தீப்பிடித்ததில் சோதித்துப் பார்க்கக்கூட உடல் மிஞ்சவில்லை. விபத்து அறிக்கையில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரி. அந்த வரியை அழிக்கத்தான் இவ்வளவு பக்கமும். ஏப்ரலில் மேல்முறையீட்டு விசாரணை. அதற்குள் எல்லார் கையிலும் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 22

அச்சகக்காரர் சொன்னார் என்று பிழை திருத்தும் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நோட்டுப் புத்தகக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். என் முதல் பக்கத்திலேயே இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

“மூணு வாரம் குடுங்க.”

“பதினேழாம் தேதிக்குள்ள புத்தகம் வேணும்மா. நானே ரெண்டு தடவை படிச்சிட்டேன்.”

“எழுதினவங்க கண்ணு எழுத்தைப் பாக்காதும்மா. மனசுல இருக்கறதைத்தான் பாக்கும்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். மேலதிகாரிகளின் தமிழையே சத்தமில்லாமல் திருத்தி அனுப்பியவள். தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23

நேராக அச்சுக்குக் கொடுத்தாயிற்று.

மார்ச் 15

வந்துவிட்டது! அட்டையில் தம்பி, வேன் கதவில் சாய்ந்தபடி. எங்கள் வக்கீலிடம் ஒரு பிரதி கொடுத்தேன். விசாரணைக்கு என் வாக்குமூலமாக இதையே தாக்கல் செய்யச் சொன்னேன். “வேற யாராவது படிச்சுப் பாத்தாங்களா?” என்று கேட்டார். “நான் பாத்தேன்” என்றேன்.

மார்ச் 17

ஆறு வீடுகளுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இறந்தவர்களில் ஆகச் சின்னவனின் அம்மா என் கையை விடவே இல்லை. முதல் விசாரணையிலேயே, “டிரைவர் மேல தப்பில்லை, வண்டிதான் சரியில்லை” என்று எங்கள் பக்கம் நின்றவள் அவள்.

மார்ச் 19

யாரும் போன் செய்யவில்லை. படித்துக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 21

காலையில் சின்னவனின் அம்மா வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே புத்தகத்தைப் பிரித்து, விரலை ஒரு வரியில் வைத்து நீட்டினாள்.

“இது நெசமா?”

பக்கம் 87. ‘அன்று காலை தம்பி குடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.’

குடித்துவிட்டு.

குளித்துவிட்டு! குளித்துவிட்டு என்றுதான் எழுதினேன். வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டுப் போனான் என்று தம்பி மனைவி அழுதழுது சொன்னதை வைத்து எழுதின வரி அது.

“எழுத்து மாறிப்போச்சும்மா. அவன் வாழ்நாள்ல தொட்டதில்ல.”

“எம்புள்ள கருகிப் போனான். உன் தம்பிக்காக நான் ஊரெல்லாம் பேசினேன். மூணு வருஷமா எங்கிட்ட மறைச்சிட்டு, இப்ப எழுத்து மாறிப்போச்சாமே?”

புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விரல் தவறியதா, கம்ப்யூட்டர் தானாக மாற்றிவிட்டதா, தெரியவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேனே. இரண்டு முறையும் ‘குளித்துவிட்டு’ என்றுதானே படித்தேன்?

மார்ச் 23

சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் சரியான சொல்லை அடித்து, வீடு வீடாகப் போய் ஒட்டக் கேட்டேன். இரண்டு பேர் ஒட்டவிட்டார்கள். ஒருவர் கதவையே திறக்கவில்லை. ஒருவர், “ஒட்டறதுனால என்ன, அடியில இருக்கறது தெரியத்தானே போகுது” என்றார். வக்கீலுக்குப் போன் செய்தேன்; புத்தகத்தை ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டாராம்.

மார்ச் 24

தம்பி மனைவி வந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அண்ணி, நான் இன்னும் படிக்கவே இல்ல. மனசு வரல. ஆனா தெரு முழுக்கப் படிச்சிருச்சு. உங்க மருமக ஸ்கூல்ல ஒருத்தி, ‘உங்கப்பா குடிச்சிட்டுத்தான் ஓட்டினாராமே, உங்க அத்தையே எழுதியிருக்காங்களாமே’ன்னு கேட்டிருக்கா. நாலு நாளா அவ ஸ்கூலுக்குப் போகல.”

குடித்திருப்பான் என்று ஊர் சொன்னபோதெல்லாம் சண்டைக்குப் போனவள் நான். இப்போது நானே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதுவும் அச்சில்.

ஏப்ரல் 9

விசாரணை. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் புத்தகத்தில் கலர் காகிதம் செருகி வைத்திருந்தார். நிறைய. முதலில் 87ஆம் பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். “அச்சுப்பிழை” என்றேன். தலையாட்டிவிட்டு 61ஐத் திருப்பினார்.

“பிரேக் சரியில்லன்னு உங்க தம்பி உங்களுக்கு போன் பண்ணினது இருபத்தொண்ணாம் தேதியாம்மா? பதினேழாம் தேதி செத்தவரு?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டு! பன்னிரண்டைத் தலைகீழாக அடித்திருக்கிறேன்.

“அதுவும் அச்சுப்பிழைதாங்க.”

“குடிச்சதும் அச்சுப்பிழை, தேதியும் அச்சுப்பிழை. எது பிழை இல்லன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா, அதை மட்டும் படிச்சுக்கறோம்.”

விசாரணை அதிகாரி புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். அவன் சொன்னதெல்லாம், நான் நாள் கிழமையோடு ஞாபகம் வைத்திருந்ததெல்லாம், அந்த மூடிய அட்டைக்குள்ளேயே போய்விட்டது. சின்னவனின் அம்மா இன்று கம்பெனிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 30

மேல்முறையீடு தள்ளுபடி. பழைய வரி அப்படியே நிற்கிறது.

மே 6

பிழை திருத்தும் அம்மாவின் மாடி அறைக்குப் போனேன். அந்த அம்மா ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கேஸ் முடிஞ்சு போச்சும்மா. இனிமே திருத்தி என்ன ஆகப்போகுதுன்னு எனக்கே தெரியல.”

“மூணு வாரம்” என்றார். அவ்வளவுதான்.

மே 27

முன்னூற்று நாற்பத்தாறு பிழை. தம்பி பெயரையே ஐந்து இடத்தில் தப்பாக அடித்திருக்கிறேன். நான்தானா? அவனுக்கு முதன்முதலாகப் பெயர் எழுதப் பழக்கியவள், நான்தானா?

திருத்திய தாள்களைத் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். “நீ படிச்சு சரின்னு சொன்னாத்தான் மறுபடி அச்சு. வேணாம்னா வேணாம்” என்றேன். வாங்கி மேஜைமேல் வைத்தாள். மருமகள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூன் 8

இன்று தம்பி மனைவியே வந்தாள். அத்தனை தாளிலும் ஒரே ஒரு பென்சில் கோடு. பக்கம் 88. ‘சிரித்துக்கொண்டே கிளம்பினான்’ என்பதை அடித்திருந்தாள்.

“சிரிக்கல அண்ணி. என்கூட சண்டை. கதவை அடிச்சு சாத்திட்டுத்தான் போனாரு. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்களா சிரிச்சாருன்னு எழுதிட்டீங்க.”

“இதைப் போடணுமாம்மா? கோபத்துல ஓட்டினான்னு பேசுவாங்களே.”

“பேசட்டும். பொய்யா ஒரு வரி இருந்தா மத்ததையும் பொய்யிம்பாங்க. அதான் பாத்துட்டோமே.”

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அடிக்க அடிக்க, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். ‘சாத்திவிட்டு’ வந்ததும் நின்றுவிட்டாள். நானும் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தச் சொல்லை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “சரியா இருக்கு, மேல அடிங்க” என்றாள்.