வக்கீலிடம் சொல்லாதது

தொம்மலூர்,
ஞாயிறு.

சௌபாக்கியவதி ஸ்னேஹாவுக்கு அப்பா எழுதுவது. மாப்பிள்ளையும் நீயும் டப்ளினில் நலமாயிருக்க வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. போனில் என்றால் எனக்கு வார்த்தை தடுமாறும். அவளும் பக்கத்திலேயே இருப்பாள். ஆகவே எழுதுகிறேன்.

உன் அண்ணா கண்ணாவின் விபத்து வழக்கு அடுத்த மாதம் வருகிறது. அவன் கார் மோதி விழுந்த முனியப்பன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலை. இனி நின்று வேலை செய்ய முடியுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. பார்க்கப் போனேன். அவர் மனைவி வெளியே உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் வார்டு வாசலோடு திரும்பிவிட்டேன்.

போன வாரம் நம் வக்கீல் மமதாவைப் பார்த்தோம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். வண்டி ஓட்டும்போது போனில் பேசினீர்களா என்று கண்ணாவைக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் இல்லை என்றான். அவர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்கிள், எங்கிட்ட சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. நிஜம் தெரிஞ்சாதான் அதுக்குத் தக்க மாதிரி நான் கேஸ் நடத்த முடியும். போன் ரெக்கார்டை அரசு வக்கீல் கோர்ட்ல நீட்டறப்போ நான் முதல்முதலா பார்க்கக் கூடாது" என்றார். கண்ணா, கிளம்பலாம்ப்பா என்று எழுந்துவிட்டான்.

விபத்து நடந்த மாலை, பால் வாங்கி வரச் சொல்ல அவனைக் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருந்தான். சரி, உன்னோடு பேசலாமென்று உன்னைக் கூப்பிட்டேன், நீயும் அப்படியே. வைட்ஃபீல்டு ஆபீஸிலிருந்து அவன் திரும்பும் நேரமும் உன் மதிய இடைவேளையும் ஒன்று, தினமும் பேசிக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் ஊகம் தப்பென்றால் கிழவனின் குழப்பம் என்று விட்டுவிடு. ஆனால் அதற்குப் பிறகு நீ அவனைக் கூப்பிடுவதே இல்லை. அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு பேரை இதுல இழுக்காதீங்கோ" என்று எழுந்து போய்விட்டாள். கண்ணாவும் அதையேதான் நினைக்கிறான் போலிருக்கிறது.

உன்மேல் தவறு என்று நான் எழுதவில்லை அம்மா. ஓட்டிக்கொண்டே போனை எடுத்தது அவன். ஆனால் உனக்காகத்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நான் சொன்னால் கேட்கமாட்டான். எனக்கு அழுத்திச் சொல்லவும் வராது. என் பெயர் வந்தால் வரட்டும், மமதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு அண்ணா என்று நீ சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்.

இப்போது யார் கூப்பிட்டாலும் அவன் போனை எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பான். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா ரங்கா