கழிவுத்தாளில் ஒரு விதி

காற்று மாதம் 4

அப்பா இன்று பதினோரு கழிவுத்தாள்கள் கொண்டுவந்தார்!

சபை அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை அவருக்கு. வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களை அடுப்பு மூட்ட எடுத்துப்போக விடுவார்கள். அப்பா மட்டும் எனக்காக எடுத்துவருவார். ஐந்து வருடமாகச் சேர்த்துத் தைத்ததில், மந்திரச் சபையின் சட்டநூல் கிட்டத்தட்ட முழுசாக என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மை கொட்டியிருக்கும், ஒன்றில் வரி சாய்ந்திருக்கும், ஒன்று தலைகீழ். எல்லாமே எனக்கு மனப்பாடம்.

இரண்டு வருடமாகத் தேடிய 61ஆம் பக்கம் இன்று கிடைத்துவிட்டது. ஒரு பொட்டு மைகூடச் சிந்தாத தாள். என் நூலிலேயே சுத்தமான பக்கம் இதுதான்.

விதி 112: "பதிவில்லாத மந்திரத்தைத் தானாக முன்வந்து ஒப்படைக்கும் குடும்பத்துக்கு, அம்மந்திரம் மூன்று நாளில் வீட்டு உபயோகத்துக்காகத் திருப்பித் தரப்படும்."

எவ்வளவு நியாயம்! தொள்ளாயிரம் வருடமாக ஒரு சபை நிற்கிறதென்றால் சும்மாவா?

"வக்கீலம்மா, சாப்பிட வர்றீங்களா, இல்ல அந்தத் தாளையே மடிச்சு வாயில போடட்டுமா?" என்றார் அப்பா. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

காற்று மாதம் 9

தம்பிக்கு இன்று காலை மறுபடி மூச்சுத் திணறல். ஐந்து வயது, ஆனால் பார்த்தால் மூன்றுதான் சொல்வார்கள். அதனால்தான் அவனுக்குக் கடுகு என்று பெயர். உதடு நீலமாகிவிட்டது. சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு, அவனை மடியில் கிடத்தி, நெஞ்சில் தட்டிக்கொண்டே அந்த மெட்டை முனகினாள். அவன் பிறந்த வாரம் அம்மாவாகவே கண்டுபிடித்த மெட்டு. நாலாவது சுற்றில் உதட்டுக்குச் சிவப்பு திரும்பியது. "அக்கா, என் பங்கு ரொட்டிய நீ தின்னுட்டியா?" என்றான், கண்ணைத் திறந்ததும்.

வழக்கமாக நான் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். இன்று அடுப்பைப் பார்த்தேன். விதி 7: மந்திரம் ஒலிக்கும்போது பக்கத்திலுள்ள சுடர் அந்த வாயை நோக்கிச் சாயும்.

சாய்ந்தது.

"அம்மா, அது மந்திரந்தானே?"

"மந்திரமாவது மண்ணாவது. சும்மா முனகுறதுடி. வெளிய போய் உளறி வைக்காத." என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மறக்காமலிருக்க மெட்டை இங்கே குறித்துவைக்கிறேன். மேலே ஏறினால் புள்ளி, இறங்கினால் கோடு:
• • — • — — • •  — — • — •  —

காற்று மாதம் 15

பொத்தான் கடைக்காரம்மாவைச் சபையார் கூட்டிப்போனார்கள். அறுந்த நூலை வாயால் ஊதியே ஒட்டவைப்பாராம், பதிவு செய்யவில்லை. மத்தியானம் திரும்பிவந்தபோது அவர் நாக்கு கட்டப்பட்டிருந்தது. இனி மந்திரம் மட்டுமில்லை, எந்தச் சொல்லுமே வராது. வாடிக்கையாளர்களிடம் விரலால் அளவு காட்டுகிறார்.

நம் அடுப்புச் சுடரை யாராவது பார்த்துவிட்டால்? சன்னல் தெருவைப் பார்த்துத்தானே இருக்கிறது?

பிடிபடுவதற்கு முன்னால் நாமாகவே கொடுத்துவிட்டால் பயமே இல்லை. மூன்று நாள்தான். அம்மாவுக்குச் சொன்னால் புரியாது. அவள் சட்டம் படித்தவளில்லை.

காற்று மாதம் 16

சபைப் பள்ளி நுழைவுத் தேர்வு. ஒன்பதாம் கேள்வி: "நீ நேரில் கண்ட, பதிவில்லாத மந்திரம் ஒன்றை விவரி."

பேனாவைக் கீழே வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

புள்ளி, கோடு, சுடர், நாலாவது சுற்று – எல்லாவற்றையும் எழுதினேன். அடியில் "விதி 112இன்படி எங்கள் குடும்பம் இதை மனமுவந்து ஒப்படைக்கிறது" என்று எழுதிக் கோடிட்டேன்.

காற்று மாதம் 24

முதலிடம்! நாற்பத்தாறு பள்ளிகளில்!

சாம்பல் அங்கி போட்ட சபை அம்மையார் வகுப்புக்கே வந்து என் தலையில் கை வைத்தார். நாளை வீட்டுக்கு வருகிறார்களாம். அம்மாவிடம் முதலிடம் வந்ததை மட்டும் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலிருந்து இஸ்திரி வாசனை அடித்தது.

காற்று மாதம் 25

வந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

அங்கி அம்மையார் ஒரு சின்ன வெண்கல மணியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். என் விடைத்தாளை அம்மாவிடம் நீட்டினார். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"முழுசா ஒரு தடவ இதுக்குள்ள பாடுங்கம்மா. மறுத்தீங்கன்னா நாக்கைக் கட்ட வேண்டியிருக்கும்."

"பாடினா என் பையனுக்கு?"

"சபை பாத்துக்கும்."

"மூணே நாள்தாம்மா! திருப்பித் தந்துடுவாங்க, விதி 112!" என்றேன் நான். அங்கி அம்மையார் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

அம்மா பாடினாள். மணியின் வாயை மெழுகால் அடைத்தார்கள். இனி இந்தக் கூரையின் கீழ் எந்த வாயிலும் அது தங்காது. எனக்கும் போய்விட்டது. காற்று மாதம் 9 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். புள்ளிகள் இருக்கின்றன, கோடுகள் இருக்கின்றன. வாசித்தால் எதுவும் ஒலிக்கவில்லை.

காற்று மாதம் 27

நாளை வந்துவிடும்.

காற்று மாதம் 28

வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அப்பா வந்ததும் 61ஆம் பக்கத்தைக் காட்டி, "சட்டத்துல போட்டிருக்கே, ஏன்ப்பா இன்னும் வரல?" என்று கேட்டேன்.

அப்பா தாளை விளக்குப் பக்கம் கொண்டுபோனார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல மை எங்கயாவது கொட்டியிருக்கா?"

"இல்லப்பா. ரொம்பச் சுத்தமா..."

"அப்புறம் ஏம்மா இது கழிவாச்சு? மை கொட்டினாத்தான் கழிவுன்னு நெனச்சியா? விதிய மாத்தினாலும் கழிவுதான்."

இந்தத் தாளைக் கொண்டுவந்த அன்று காலை, புதுப் பக்கத்துக்கு எழுத்துக் கோத்ததே அப்பாதான். புது விதி 112: ஒப்படைத்த மந்திரம் சபைக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பழைய தாளைக் கட்டாகத் தூக்கிப்போட்டார்கள். அதிலிருந்துதான் ஒன்றை எனக்கென்று மடித்து எடுத்துவந்திருக்கிறார்.

"நீங்க படிக்கலியாப்பா?"

"கோக்கிறவன் எங்கம்மா படிக்கிறான். எழுத்து எழுத்தாத்தான் பாப்பான்." நெற்றியில் அடித்துக்கொண்டார். கை மை நெற்றியில் ஒட்டியது.

அம்மா திட்டினால் தேவலை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மழை மாதம் 2

இன்று திணறல் வந்தது. அம்மா வாயைத் திறக்கிறாள், வெறும் காற்றுதான் வருகிறது. கை மட்டும் அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தது. நாலு சுற்று. எட்டு. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் என்ன செய்துவிட்டேன், ஐயோ, என்ன செய்துவிட்டேன்! அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் சபை மருத்துவமனைக்கு ஓடினார்.

மழை மாதம் 3

பிழைத்துவிட்டான். ஆனால் இனி அங்கேதான் இருப்பான். மெட்டு வெளியே வராது. அதனால் அவனும் வர முடியாது. வீட்டார் மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

மழை மாதம் 11

அம்மா அவன் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடி உதறி இஸ்திரி போடுகிறாள்.

மழை மாதம் 20

சபைப் பள்ளியிலிருந்து சேர்க்கைக் கடிதம். பொன் விளிம்பு. அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பனி மாதம் 2

முதல் முறையாகப் போய்ப் பார்த்தோம்.

வெள்ளைச் சுவர், பதினாறு கட்டில். கடுகு கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறான். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்தான். ஓடியதில் மூச்சு இழுத்தது. உடனே ஒரு தாதி அந்த வெண்கல மணியைக் காதருகே வைத்துக் கேட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து முனகினாள். விளக்குச் சுடர் அவள் பக்கம் சாய்ந்தது. அவன் அவள் மடியில் சாய்ந்தான். பழகிவிட்டது போல.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மரியாதையாக, "நல்லா இருக்கேம்மா இந்த மெட்டு. யார் கட்டினது?" என்றாள்.

தாதி என்னைப் பார்த்தாள். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சபையோடதும்மா," என்றாள் தாதி.

எனக்கும் அது முன்பின் கேட்காத மெட்டாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் வலது கை அவள் தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. அவளுக்கே தெரியாது.

பனி மாதம் 5

கடிதத்தைத் தேடி எடுத்தேன். பள்ளியும் மருத்துவமனையும் ஒரே முற்றம். விதி 40: பள்ளி மாணவர் அங்குள்ள இரத்த உறவினரைத் தினமும் காணலாம்.

"அப்பா, இது எந்தத் தாள்?"

அப்பா அச்சகத்துக்குப் போய், நடப்பு நூலில் வரி வரியாகப் படித்துவிட்டு வந்தார். "இருக்கும்மா. இன்னும் இருக்கு," என்றார்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று நின்றேன். திரும்பாமலே சொன்னாள்: "போ. அவன் பக்கத்துல நம்ம ஆள் ஒண்ணு இருக்கட்டும்."

ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பனி மாதம் 12

என் சாம்பல் அங்கிக்கு அம்மாதான் இஸ்திரி போட்டாள். காலர் இன்னும் விறைப்பாக இருக்கிறது.

பள்ளி விட்டதும் முற்றத்தைக் கடந்து ஓடினேன். கடுகு படுத்திருந்தான். திணறல் இல்லை, சோர்வுதான். அவன் நெஞ்சில் கை வைத்து, அம்மாவின் கையை நினைத்துக்கொண்டு தட்டினேன். பக்கத்து விளக்கைப் பார்த்தேன். சுடர் நேராகத்தான் நின்றது.

கண்ணை மூடியபடியே சொன்னான்: "அம்மா தட்டுற மாதிரி இல்லக்கா."

கையை எடுத்துவிட்டேன்.

"பரவால்ல," என்றான். "தட்டு."