சனிக்கிழமை, அப்பாவோடு

பிப். 5, வியாழன்

காலையில் நல்ல பனி. ராஜகிரி மலை தெரியவே இல்லை. பாலர் பள்ளிக்கு வந்த பிறகுதான் ஞாபகம், பயறு ஊறப்போடவில்லை. அவலும் வெல்லமும் கொடுத்துச் சமாளித்தேன். பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷம்.

மதியம் அம்மாக்கள் வகுப்பு. பிள்ளைகளை அடிக்காமல் வளர்ப்பது எப்படி. பள்ளியை நடத்தும் டிரஸ்ட் கொடுத்த பாடம். பாதியில் செல்வி எழுந்தாள். இங்கே படிக்கும் தரணியின் அம்மா. புருஷன் ஏழுமலை மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குபவர்.

"நூரு டீச்சர், அடிக்கிறது அவரு. அடிக்கக் கூடாதுன்னு பாடம் மட்டும் எங்களுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வாசல் போர்டில் எழுதிவிட்டேன். இனி சனிக்கிழமை அப்பாவோடு வரும் பிள்ளைக்குத்தான் வகுப்பு. அப்பா இல்லாவிட்டால், ஊரில் இல்லாவிட்டால், மாமா, தாத்தா, சித்தப்பா யாராவது. அம்மா வரக் கூடாது.

டிரஸ்ட் செயலாளரிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்கலாம் என்பார். யோசித்துக்கொண்டே இருப்பார்.

பிப். 7, சனி

வந்தது ஒரே ஒரு அப்பா. டீக்கடை மணி. நாற்காலி கேட்டார். பாய்தான் என்றேன். உட்கார்ந்தார். பையன் களிமண்ணில் யானை செய்தான். "பன்னி மாதிரி கீதுடா" என்றார். பிறகு அவரே ஒரு தும்பிக்கை உருட்டி ஒட்டினார்.

கேட்டுக்கு வெளியே அம்மாக்கள், பிள்ளைகளோடு. அதில் என் மகள் அஃப்ராவும். அவளும் இங்கேதான் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் காதர், டூவீலர் ஷெட்டில் வேலை இருக்கிறதென்று அவளை நாத்தனாரோடு அனுப்பியிருந்தார்.

"உங்க வூட்டுக்காரரே வரல. எங்க வூட்டு ஆளுங்க வந்துடுவாங்களா?" என்றாள் ஒருத்தி.

நியாயமான கேள்வி. அஃப்ராவையும் திருப்பி அனுப்பினேன். தெருமுனை வரை அழுதுகொண்டே போனாள். கேட்டைச் சாத்தினேன்.

வீட்டில் காதர்: "சொந்தப் புள்ளையவே வெளிய நிக்க வெச்சியாமே. பஜார்ல கேக்கறாங்க."

"அவ அத்தா வந்திருந்தா உள்ள இருந்திருப்பா."

மீன் குழம்பு அப்படியே மீந்துவிட்டது.

பிப். 9, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. விளக்குமாறு வாங்க வேண்டும்.

ஏழுமலை வந்து கேட்டருகே சத்தம். வேலையிலிருந்து நேராக, உடம்பெல்லாம் நெல் தூசு.

"இன்னா டீச்சர், போர்டு எழுதி மாட்டிகினா நாங்க வந்துடணுமா? நான் இங்க வந்து குந்திகினா மூட்டைய யாரு தூக்கறது? என் பொண்ணு. அடிப்பேன், கொஞ்சுவேன். உனக்கு இன்னா?"

"அடிக்கறது தெரியுது. கொஞ்சறத சனிக்கிழமை வந்து காட்டுங்க" என்றேன். அந்த நேரத்தில் எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ.

ஒரு அடி முன்னால் வந்தார். நான் நகரவில்லை. தரணி ஓடி வந்து என் முந்தானைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

என் பயமெல்லாம் செல்விக்காக. வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும்?

பிப். 11, புதன்

செல்வி வந்தாள். அடி எதுவும் இல்லையாம். "ஒண்ணுமே பேசல டீச்சர். அதான் பயமா கீது."

போர்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்தீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் செயலாளர் போன். புகார் போயிருக்கிறது. "ஒரே ஒரு அப்பா வர்றதுக்காக ஒரு நாளை ஒதுக்க முடியாதும்மா. எழுதினத அழிச்சிடுங்க."

"நீங்க ஒரு சனிக்கிழமை உங்க பேரனைக் கூட்டிக்கிட்டு வாங்க சார்" என்றேன். லைன் கட். கட் ஆனதா, கட் செய்தாரா, தெரியாது.

போர்டில் எழுத்து மங்கியிருந்தது. அதன் மேலேயே இன்னும் தடிமனாக எழுதினேன். வேலை போனால் போகட்டும்.

பிப். 14, சனி

மணி வந்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு அப்பாக்களையும் இழுத்து வந்திருந்தார். வல்லத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு தாய்மாமன். ஒரு தாத்தா. காதரும் வந்தார், அஃப்ராவைத் தோளில் தூக்கிக்கொண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஏழுமலை. துவைத்த சட்டை. சுவரோரம் உட்கார்ந்தார். தரணி தள்ளி உட்கார்ந்தாள்.

அப்பா வீட்டில் என்ன செய்வார் என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

மணி பையன்: "கடையில டீ ஆத்துவாரு. வூட்ல அம்மாதான் ஆத்தும்." சிரிப்பு.

அஃப்ரா: "அத்தா போன் பாப்பாரு. நான் பேசுனா ம்ம்னுவாரு." காதர் பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் தரணி: "நைனா வண்டி சத்தம் கேட்டா நான் தூங்கிடுவேன்."

"உடனே தூக்கம் வந்துடுமா?"

"வராது. கண்ண மூடிக்குவேன்."

மணிகூடச் சிரிக்கவில்லை. ஏழுமலை எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே வண்டிய முனையிலயே நிறுத்திட்டு நடந்து வரேன்."

"அவ பயப்படறது வண்டி சத்தத்துக்கு இல்லண்ணா" என்றேன்.

"தெரியுது டீச்சர். வேற இன்னா சொல்றதுன்னு தெரியல."

தரணி கொஞ்சம் அவர் பக்கம் நகர்ந்தாள். ஒட்டி உட்காரவில்லை. நகர்ந்தாள், அவ்வளவுதான்.

வகுப்பு முடியும்போது செயலாளரிடமிருந்து மெசேஜ். அடுத்த சனிக்கிழமை வேண்டாம், டிரஸ்ட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம். போனைப் பையில் போட்டேன்.

கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டே ஏழுமலை கேட்டார். "வர்ற வாரமும் இருக்குதா டீச்சர்?"

"இருக்குது" என்றேன்.