ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 19

கிளம்பியாயிற்று. லீமாவிலிருந்து வந்திருக்கும் கணவன் மனைவி, கோவேறு கழுதைகளின் முதலாளி தோன் ஃபவுஸ்தினோ, அவர் மகன் வில்பெர், கழுதை ஓட்ட என் அப்பா, சமைக்க நான். மலைமேல் இடிந்து கிடக்கும் பழைய நகரத்துக்குப் போகும் இந்த வழியில் சமையல்காரியாக எனக்கு இதுதான் கடைசி நடை. ஏப்ரல் முதல் தேதி குஸ்கோவில் சுற்றுலா வழிகாட்டிப் பள்ளி தொடங்குகிறது. இடம் கிடைத்துவிட்டது. இனி அந்தச் சுவர்களைப் பற்றி நான் பேசுவேன், சூப்பை வேறு யாராவது கிண்டட்டும்.

முதல் ஏற்றத்திலேயே லீமாக்காரருக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார். "இதோ, அந்த வளைவு தாண்டினா வந்துடும்" என்றார் அப்பா. எல்லோரிடமும் அதையேதான் சொல்வார்.

மார்ச் 20

எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணவாயில் வழக்கம்போல் நின்றோம். கற்குவியலில் ஆளுக்கொரு கல் வைத்தோம். ஒருவருக்கொருவர் கொக்கா இலை கொடுத்து, எங்களுக்குச் சாமியான மலையைப் பார்த்து ஊதி, வாயில் போட்டுக்கொண்டோம். தோன் ஃபவுஸ்தினோ மூன்று நல்ல இலைகளாகப் பொறுக்கி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். கூடவே ஒரு சின்னக் கோப்பையில் கரும்புச் சாராயம். குளிரில் விறைத்திருந்த அப்பா தொப்பியைக் கழற்றி இலையை வாங்கி மென்றார், சாராயத்தையும் குடித்தார்.

உடனே ஃபவுஸ்தினோ அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி!"

பெண் கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். இலையும் சாராயமும் கொண்டு வருவார்கள். பெண்ணைப் பெற்றவர் இலையை வாயில் போட்டால் சம்மதம் என்று அர்த்தம். கணவாயில் எல்லோரும் எல்லோருக்கும் இலை கொடுக்கிறார்கள், அதில் எது எதற்கு என்று யார் கண்டார்கள்?

"ஐயா, நான் மலைக்குன்னு நெனச்சு…" அப்பா தொப்பியைக் கையில் திருகினார்.

"மலைக்கு முன்னாடிதானே கேட்டேன்? இதைவிட நல்ல சாட்சி வேணுமா? என்ன மருமகளே!"

மருமகளாம். நான் என்ன கழுதையா, கயிறு மாத்தி ஓட்டிட்டுப் போக?

மார்ச் 21

ஆற்றுப் பாலம் தாண்டி, எதிர் மலையேறிப் பழைய நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் வில்பெர் என் மூட்டையை வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கழுதையை அடிக்க மாட்டான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் அப்பாவும் வாய் திறந்திருப்பார்.

நான்கு நாளில் ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவள் விடமாட்டாள்.

மார்ச் 22

மழை. பாலம் போய்விட்டது.

மார்ச் 24

நகரத்தின் மறுபக்கம் செங்குத்தான பாறை, மேலே பனி. இறங்கினால் ஆறு. கூரையில்லாத ஒரு கல்வீட்டின் மேல் தார்ப்பாய் கட்டி ஆறு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். நான் எங்கே திரும்பினாலும் ஒரு மாமனார், ஒரு மாப்பிள்ளை.

பொழுது போகவில்லை என்று லீமாக்காரரின் மனைவி சுவர்களைப் பற்றிக் கேட்டார். வாசல் ஏன் மேலே குறுகுகிறது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போது நான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"இவ்ளோ தெரிஞ்சிருக்கே, அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்றான் வில்பெர். பாராட்டுவதாகத்தான் நினைத்தான், பாவி.

மார்ச் 26

ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது அப்பாவைத் தனியாகப் பிடித்தேன்.

"தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லிடுப்பா."

"வாயில போட்டு மென்னாச்சேம்மா."

"இப்பத் துப்பு."

"மலை பாத்துட்டிருந்துச்சு, பெனிதா."

"மலை உன்னைத்தான் பாத்துச்சா? என்னைப் பாக்கலியா?"

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவ்வளவு கோழையா என் அப்பா? எனக்கு அவர் மேல் வெறுப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மார்ச் 28

மழை விட்டது. எதிர்க்கரையில் ஆட்கள் தெரிகிறார்கள். பழைய கம்பி வடத்தை இழுத்துக் கட்டுகிறார்கள், அதில் கூடை தொங்குமாம். மனுஷர் போகலாம், கழுதை போக முடியாது.

ஃபவுஸ்தினோ முடிவு சொல்லிவிட்டார். பாலம் கட்டும்வரை அவரும் வில்பெரும் கழுதைகளோடு இங்கேயே. "மருமக இருக்கா, சமைச்சுப் போடுவா. சம்பந்தி, நீங்க போய் சம்பந்தியம்மாவுக்குச் சேதி சொல்லுங்க."

பாலம் எப்போது கட்டுவார்கள்? மழைக்காலம் முடிந்து, அதிகாரிகள் வந்து பார்த்து… பள்ளி அதுவரை காத்திருக்குமா? அப்பா தலையைக் குனிந்துகொண்டு கயிறு திரித்தார்.

மார்ச் 29

இக்கரைக்கு வந்துவிட்டேன். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

லீமாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அடுத்து அப்பா ஏற வேண்டும். அவர் என் தோளைப் பிடித்துக் கூடைப் பக்கம் தள்ளினார்.

"நீ ஏறு."

ஃபவுஸ்தினோ குறுக்கே வந்தார். "என்ன சம்பந்தி இது? மலைக்கு முன்னாடி குடுத்த வாக்கு!"

அப்பா தொப்பியைக் கழற்றினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "இலையைத் தின்னது என் வாய், ஐயா. அதுக்கு என் உடம்பை வெச்சுக்குங்க. பாலம் வர்ற வரைக்கும் கழுதை பாக்கறேன், சமைக்கறேன், சொன்னதைச் செய்யறேன். அவ வாயில யாரும் ஒண்ணும் போடல."

ஃபவுஸ்தினோ, "நீ சமைப்பியா?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வில்பெர் வந்து, நான் ஏறக் கூடையைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல், "கீழ பாக்காத. கண்ணை மூடிக்கோ" என்றான். தள்ளிவிட்டான்.

நான் கண்ணை மூடவில்லை. அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஏப்ரல் 1

முதல் வகுப்பு. முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 14

சந்தையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். கூடையில் ஆற்றைக் கடந்து போய் உப்பு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பாலத்துக்கு இன்னும் ஒருத்தரும் அளக்கக்கூட வரவில்லையாம். ஃபவுஸ்தினோ அப்பாவைச் சம்பந்தி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாராம். "ஏய் சமையலு" என்கிறாராம்.

"உங்கப்பா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு" என்றார். "பனியில காய வெச்ச கிழங்கை எவ்ளோ நேரம் ஊற வெக்கணுமாம்? கல்லு மாதிரியே இருக்குதாம், மூணு பேரும் கடிச்சுக் கடிச்சுத் துப்பறாங்களாம்."

நடுச்சந்தையில் நின்று சிரித்தேன், பிறகு அழுதேன். முதல் நாளே ஊற வைக்க வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், கையில் அழுத்திப் பிழிய வேண்டும் என்று சொன்னேன். அவர் மறந்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, பேருந்து நிலையம் வரை அவர் கூடவே நடந்தேன்.