டெய்லரின் வலது கை

மார்ச் 4
பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து ஒருவர் செத்திருக்கிறார். டெய்லர். உடல் பிணவறைக்கு வந்து சேருமுன்பே இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். "இவன்தான் கொண்டுவந்தவன். கையில வெச்சிருக்கும்போதே வெடிச்சிருச்சு. எழுதிக் குடுத்துருங்க மேடம்." அப்புறம் பிரேதப் பரிசோதனைக்கு நான் எதற்கு?

எக்ஸ்ரேயில் முதுகெங்கும் குண்டில் அடைத்திருந்த ஆணிகள். நெஞ்சில் ஒன்றுகூட இல்லை. பின்னந்தலையில் பாய்ந்தவை முகத்தைக் கொண்டுபோய்விட்டன. கைகள் இரண்டும் முழுசாக இருக்கின்றன. பிடித்திருந்தவனுக்குக் கை மிஞ்சுமா?

ஆனால் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பஞ்சில் ஒத்தியெடுக்கப் போனால், கைகள் பளிச்சென்று இருக்கின்றன! பிணவறை உதவியாளர் கழுவியிருக்கிறார். எதைக் கண்டாலும் கழுவுவதால்தான் அவருக்குச் 'சோப்பு அண்ணன்' என்று பெயர். கண்டபடி திட்டிவிட்டேன்.

"அடையாளம் காட்ட சம்சாரம் வந்துச்சு டாக்டரம்மா. மூஞ்சி பாக்குற மாதிரி இல்ல. கையையாவது பிடிச்சுக்கட்டுமேன்னுதான்..."

மார்ச் 6
துறைத் தலைவர் கூப்பிட்டார். "கையைக் கழுவியாச்சு. 'சொல்ல இயலாது'ன்னு எழுதிட்டுப் போம்மா. உனக்கெதுக்கு வம்பு?"

'கையில் வெடிக்கவில்லை' என்றே எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 11
பேப்பர்காரர்கள் செத்துப்போனவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். 'குண்டு டெய்லர்'. அவர் மனைவி எப்படித் தெருவில் நடப்பாள்?

மார்ச் 19
எனக்கு மாற்றல். தலைவர் புது அறிக்கை கொடுத்திருக்கிறார். வலது கை மணிக்கட்டோடு சிதைந்திருந்ததாம். உடலை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்! பரிசோதனையின்போது எடுத்த படங்களில் கைகளின் போட்டோக்கள் மட்டும் காணோம். கால் முளைத்துப் போய்விட்டன போல. உடலையும் எரித்தாகிவிட்டது. இனி எதைக் காட்டுவேன்?

ஜூன் 17
நீதிபதியின் விசாரணை. நான் சொன்னதை எல்லாம், "கழுவின கையைப் பத்தித்தானே பேசறீங்க?" என்று ஊதித் தள்ளினார் அரசு வக்கீல்.

பிறகு டெய்லரின் மனைவி எழுந்தாள். அழவில்லை.

"கத்தரிக்கோல் பிடிச்சுப் பிடிச்சு அவருக்கு வலது கட்டைவிரல்ல காய்ப்பு இருக்கும். அதைத் தடவிப் பாத்துத்தான் இவருதான்னு சொன்னேன். இந்த இன்ஸ்பெக்டர் ஐயா பக்கத்துலதான் நின்னாரு. கையே இல்லைன்னா, எதைப் பாத்து உடம்பை எங்கிட்ட குடுத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தலைவரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார் நீதிபதி.

வெளியே வந்ததும் சோப்பு அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஆனாலும் நான் கழுவினது தப்புத்தானே டாக்டரம்மா?"

"தப்புத்தான் அண்ணே," என்றேன். "ஆனா அதனாலதான் அந்தம்மா அந்தக் கையைப் பிடிக்க முடிஞ்சுது."